ஐந்தாம் பாகத்தின் இடப்பக்கம்

"மேப்ப பாதியாக்கிட்டானுவக்கா," என்கிறான் ஆல்வின். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குழம்பில் உப்பு இல்லை என்று சொல்கிற குரல். இத்தனை வருஷம் காக்க வைத்து, கம்ப்யூட்டர் ஆட்டத்துக்கு ஐந்தாம் பாகம் என்று பேர் போட்டு, கடைசியில் பாதி மேப். "நாலாவது பாகத்துல எம்புட்டுப் பெருசு தெரியுமா? மலையிலருந்து கடல் வரைக்கும். இது என்னன்னா ஒரு பஞ்சாயத்து அளவுக்குக்கூட காணாது." நான் திரையைப் பார்க்கிறேன். மலை இருக்கிறது. மலையடியில் காடு இருக்கிறது. காட்டிலிருந்து ஆறு இறங்கி, வளைந்து, ஒரு பாலத்துக்கு அடியில் நுழைந்து, வயல்களைத் தாண்டி, வலது ஓரத்தில் கடலில் விழுகிறது. மொத்த நாடும் அங்கேயேதான் இருக்கிறது. அதன் வலப்பக்கத்துப் பாதியில் மட்டும் என் தம்பி குடியிருக்கிறான். கோட்டை, குதிரை லாயம், தானியக் கிடங்கு, எல்லாவற்றையும் கடற்கரையோடு நெருக்கி நெருக்கிக் கட்டியிருக்கிறான், ஒரு சென்ட் இடத்தில் மூணு மாடி எழுப்புகிறவனைப்போல. ஏல, இடப்பக்கம் பாரு என்று சொல்ல வாய் வருகிறது. சொல்லாமலா இருந்தேன், காலையிலிருந்து அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொன்னால் திரும்புவான். திரும்பி, "பாத்தாச்சு, அங்கன ஒண்ணும் இல்லக்கா" என்பான். பொய் சொல்கிற முகமே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடலாம், சின்னதிலிருந்து எத்தனை பொய் பார்த்திருக்கிறேன் இவனிடம், பொய் சொல்லும்போது காது சிவந்துவிடும். இப்போது காது சிவக்கவில்லை.

கோடையில்தான் அது நடந்தது. முருகன்குறிச்சியில் அவன் கம்ப்யூட்டர் கடையில், யாருடையதோ ஒரு பெட்டியைத் திறந்து தூசி ஊதிக்கொண்டிருந்தவன், ஊதியபடியே சரிந்துவிட்டான். மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். வலப்பக்கம் அடைத்தால் இடப்பக்கம் போகும், இது எனக்கு முன்னமே தெரியும், அப்பாவுக்கும் இதுதானே வந்தது. ஆனால் அப்பாவுக்கு வந்ததில் அப்பா ஒரேயடியாகப் போய்விட்டார். இவன் எழுந்து உட்கார்ந்தான், பேசினான், வாய்க்கோணல் நேரானது, காலும் கொஞ்சம் இழுத்தபடி நடக்க வந்துவிட்டது. ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அவன் மனைவி ஷைனி ஆஸ்பத்திரி வராந்தாவில் முட்டி போட்டாள். அப்புறம்தான் தெரிந்தது. தட்டில் வலப்பக்கத்து இட்லியைத் தின்றுவிட்டு, "இன்னும் ரெண்டு வை" என்று கேட்டான். இடப்பக்கத்தில் இரண்டு இட்லி அப்படியே இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று முகத்தில் பாதியைச் சிரைத்துவிட்டுத் துண்டால் துடைத்துக்கொண்டு வந்தான். "கண்ணுல கோளாறு கிடையாது," என்று டாக்டர் சொன்னார். "கண்ணு பாக்குது. மனசு அந்தப் பக்கத்தைக் கணக்குல எடுக்க மாட்டேங்குது. அங்க ஒரு பக்கம் இருக்குன்னே அவருக்குத் தோணாது." நான் வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அதையே யோசித்தேன். இருட்டாகத் தெரியுமா? இருட்டு என்றாலாவது, அங்கே ஏதோ மறைந்திருக்கிறது என்று தோன்றும். இவனுக்கு இருட்டும் கிடையாது. என் முதுகுக்குப் பின்னால் இருப்பது எனக்கு இருட்டாகவா தெரிகிறது, அப்படித்தானோ. யோசித்து யோசித்து எனக்கு முதுகு கூசியது.

திங்கட்கிழமை கடையைத் திறக்கப் போகிறானாம். காலையில் ஷைனி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வாசலில் சண்டை. "வண்டிச் சாவிய எங்க வச்ச?" "எனக்குத் தெரியாது." "ஒனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? நான் என்ன சின்னப்பிள்ளையா? கால் நல்லாத்தான இருக்கு, கை கியர புடிக்குது." அவள் என்னைப் பார்த்தாள். "மைனி, நீங்களாவது சொல்லுங்க." போன வாரம் வாசல் கேட் தூணில் தோளை இடித்துக்கொண்டு வந்து, "எவனோ இடிச்சிட்டுப் போறான், மன்னிப்புக்கூட கேக்கல" என்றவனிடம் என்ன சொல்ல. சட்டையைக் கழற்றிப் பார்த்தால் இடது தோள் கன்றிப்போய் நீலமாக இருந்தது. தூண் மன்னிப்புக் கேட்காது, தூண் நகராது, லாரி நகரும். ஹைகிராவுண்டு ரோட்டில் இடப்பக்கமாக ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளில் வந்தால். நினைக்கக்கூடாது. நினைக்கக்கூடாது என்று நினைக்கும்போதே அந்தப் பிள்ளையின் சீருடைக்கு நிறம் வந்துவிடுகிறது, நீலப் பாவாடை, இரட்டைப் பின்னல், நீ போயிரும்மா, வேற ரோட்டுல போ. பயிற்சி கொடுக்க வருகிற நிவேதா, நல்ல பிள்ளை, இந்த ரோகத்தில் இதுதான் கஷ்டம் என்கிறாள். தனக்கு ஒன்று குறைகிறது என்பதே தெரியாது, மற்றவர்கள் சொல்லிப் புரியாது, அவருக்கே ஒருநாள் தட்டுப்பட்டால்தான் உண்டு. எல்லாவற்றையும் இடப்பக்கமாக வையுங்கள், இடப்பக்கமிருந்தே கூப்பிடுங்கள். அதனால்தான் நான் நாற்காலியை அவனுக்கு இடது கைப்பக்கம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். திரையின் இடது விளிம்பில் நிவேதா ஒரு சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறாள். அதைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும், கபடியில் கோட்டைத் தொடுகிற மாதிரி. ஒரு தடவை தொடுவான். அடுத்த நிமிஷம் கழுத்து தானாக வலப்பக்கம் போய்விடும், மேட்டிலிருந்து தண்ணீர் இறங்குவதுபோல.

இந்த ஆட்டத்தின் பேர் ரிவர் க்ரவுன். நாங்கள் வைத்த பேர் ஆத்துராசா. முதல் பாகம் வந்தபோது எனக்குப் பிளஸ் டூ, இவனுக்கு ஒன்பதாம் கிளாஸ். பெரியப்பா மகன் கோயம்புத்தூரிலிருந்து ஒரு சி.டி. கொண்டுவந்தான். கட்டம் கட்டமாக ஒரு நாடு. எல்லாமே வெளிச்சத்தில். எதிரியின் படை எங்கே நிற்கிறது, எத்தனை யானை, எல்லாம் தெரியும். நீ ஒரு ஆட்டம், அவன் ஒரு ஆட்டம். உன் முறையில் நீ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம், எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம், யாரும் அசைய மாட்டார்கள், எதிரி பல்லைக் கடித்துக்கொண்டு உனக்காகக் காத்திருப்பான். நான் ஜெயிப்பேன். எனக்குப் பொறுமை உண்டு. இவன் "போடுக்கா, சீக்கிரம் போடு" என்று நாற்காலியை உதைப்பான். அம்மா அடுக்களையிலிருந்து, "வேதப் பாடப் பரீட்சைக்குப் படிக்காம ரெண்டும் ராஜ்யம் ஆளுதுக" என்பாள். அந்த முதல் பாகத்தில் செத்தவர்களுக்குப் பேர் கிடையாது. ஒரு கட்டத்தில் பத்து என்று எழுதியிருக்கும், சண்டை முடிந்தால் ஆறு என்று மாறும். அவ்வளவுதான் சாவு. நாலு பேர் எங்கே போனார்கள் என்று நாங்கள் கேட்டதேயில்லை.

இரண்டாம் பாகத்தில் கருப்பைக் கொண்டுவந்தார்கள். ஆட்டம் தொடங்கும்போது உன் ஊரைச் சுற்றிக் கொஞ்சம் வெளிச்சம், மற்றதெல்லாம் கருப்பு. குதிரைக்காரனை அனுப்பினால் அவன் போகிற வழியெல்லாம் தெளியும். அவன் தாண்டிப் போனபிறகு அந்த இடம் சாம்பல் நிறமாகிவிடும். சாம்பல் என்றால், நீ கடைசியாகப் பார்த்தது எப்படி இருந்ததோ அப்படியே காட்டும். இப்போது அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆல்வினுக்கு அது பிடித்துப்போனது. எனக்கு அந்தச் சாம்பலைக் கண்டாலே பயம். இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிற வீடு அங்கே இல்லாமல் போயிருக்கலாமே. கல்யாணமாகித் தூத்துக்குடிக்குப் போனபிறகு அம்மா வீடு எனக்கு அந்தச் சாம்பலாகத்தான் இருந்தது. கடைசியாகப் பார்த்தபோது அப்பா ஈஸி சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அதனால் என் மனசுக்குள் அவர் எப்போதும் பேப்பர் படித்துக்கொண்டே இருந்தார், போன் வருகிற வரைக்கும். நான் போய்ச் சேரும்போது ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். இடப்பக்கத்து உதடு இறங்கியிருந்தது. மூன்றாம் பாகம் அந்த வருஷம்தான் வந்தது. அதில் முறை என்பதையே எடுத்துவிட்டார்கள். நீயும் நடத்து, அவனும் நடத்துவான், யாரும் யாருக்காகவும் நிற்க மாட்டார்கள். நீ கிணறு வெட்ட யோசிக்கும் நேரத்தில் வடக்கே மதில் இடிந்துகொண்டிருக்கும். ஆத்துராசா ஆடுகிறவர்கள் உலகம் முழுக்கச் சண்டை போட்டார்களாம், இது நம் ஆட்டமே இல்லை, கெடுத்துவிட்டார்கள் என்று. ஆல்வின் போனில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். "நீ வரும்போது ஆடலாம்க்கா." ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ஆடினேன். கைக்குழந்தை மடியில். என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் என் ஊர் போய்விட்டது. "ஒனக்கு வேகம் காணாதுக்கா," என்றான். வேகம் காணாதுதான். அதோடு விட்டுவிட்டேன்.

நாலாவதில்தான் பேர் வைத்தார்கள். ஒவ்வொரு சிப்பாய்க்கும் பேர், பசி, பயம். தலைவன் விழுந்தால் மற்றவர்கள் ஓடிவிடுவார்கள். பட்டினி போட்டால் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். ஆட்டத்தைப் பாரமாக்கிவிட்டார்கள் என்று பாதிப்பேர் விட்டுப்போனார்களாம். இவன் மட்டும், "இப்பத்தான்க்கா சண்டைன்னா என்னன்னு தெரியுது. ஒருத்தனை அனுப்புததுக்கு முன்னால கை நடுங்குது" என்றான். நான் அதைக் கேட்டு என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். இப்போது அவன் இடது கை மேஜை விளிம்பிலிருந்து வழுக்கி விழுந்து தொங்குகிறது. அவனுக்குத் தெரியவில்லை. நான் எடுத்து அவன் மடியில் வைக்கிறேன். குளிர்ந்து, கனமாக, தூங்குகிற குழந்தையின் கை இருக்குமே அப்படி. "யாரு கை வைக்கா?" என்கிறான். "ஒன் கைதாம்ல." "ஓ," என்கிறான், ஆர்வமில்லாமல். வெளியே பள்ளிக்கூட வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்புகிறது. எனக்கு என் இடது கையில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது. அப்பா, இவன், அடுத்து நான். விரலை மடக்கிப் பார்க்கிறேன். மடங்குகிறது. இடப்பக்கம் பார்க்கிறேன், ஜன்னல் இருக்கிறது, பச்சைத் திரைச்சீலை, அதில் இஸ்திரிப்பெட்டி சுட்ட ஒரு மஞ்சள் தழும்பு. இருக்கிறது. ஆனால் அவனும் இப்படித்தானே எல்லாம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். என்னில் எது போயிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? யார் என் இடப்பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், எனக்குக் கேட்காமல்?

திரையின் இடது மூலையில் எழுத்து வருகிறது. ஐந்தாம் பாகத்தில் இதுதான் புதிது போலிருக்கிறது, ஜனங்கள் ராஜாவோடு பேசுகிறார்கள். ஆற்றின் ஊற்றுக்கண் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஆட்டம் தொடங்கியபோது அவனுக்குக் கொடுத்த முதல் ஊரே அதுதான். அவன் அதைப் பார்க்கவேயில்லை. அங்கே கூடையோடு ஒரு மீன்காரி நிற்கிறாள். கிடங்கு காலி, என்ன செய்யட்டும் என்று கேட்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, காட்டுக்குள் நெருப்பு தெரிகிறது என்கிறாள். பிறகு, எங்களை மறந்துவிட்டீர்களா என்கிறாள். இங்கிலீஷில் ஒரு வரி. நான் படிக்கிறேன். ராஜா படிக்கவில்லை. ராஜா கடற்கரையில் மூன்றாவது கிடங்கு கட்டுகிறான். "ஏல ஆல்வின், மூலையில என்னமோ எழுதிருக்கு." "எந்த மூலை?" வலது மேல் மூலையைப் பார்க்கிறான், வலது கீழ் மூலையைப் பார்க்கிறான். "ஒண்ணுமில்லியே." இடது மேல் மூலையில் நெருப்பு வந்துவிட்டது. சின்னச் சின்ன ஆரஞ்சுப் புள்ளிகள், கூரை கூரையாக. சத்தமும் வருகிறது, மணி அடிக்கிறார்கள். "இது எங்க அடிக்கி?" என்று கேட்டு, தலையை வலப்பக்கம் சாய்த்துக் கேட்கிறான். எனக்கு எழுந்து போய் அந்தப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்துவிடலாமா என்று இருக்கிறது. நான்தான் இதைப் போட்டுக்கொடுத்தேன். ஷைனி வேண்டாம் என்றாள். ஆசைப்பட்ட ஒன்றையாவது கொடுப்போமே என்று நான்தான். தோற்றுப்போய்த் திரும்பத் திரும்பத் தொடங்குகிறான், காலையிலிருந்து, ஒவ்வொரு தடவையும் எங்கிருந்து அடி விழுந்தது என்று தெரியாமலே. "கேம்ல கோளாறுக்கா. அப்டேட் வரும்."

பிறகு அவன் கை நிற்கிறது. நேரத்தை நிறுத்தி வைத்திருக்கிறான். இந்தப் பாகத்தில் அதைத் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள், வேண்டுமென்றால் நிறுத்திக்கொண்டு யோசிக்கலாம், புகைகூட அசையாமல் நிற்கும். "எக்கா." "என்னல." "இந்த ஆறு எங்கருந்து வருது?" எனக்குப் புரியவில்லை. அவன் அம்புக்குறியைத் திரையின் நடுவில் வைத்திருக்கிறான், ஆறு அங்கே பாலத்துக்கு அடியில் வெளியே வருகிற இடத்தில். "இங்கன சும்மா ஆரம்பிக்கி பாரு. அது எப்பிடி? முதல் பாகத்துலருந்தே பாத்துட்டேன், அவனுவ எத வேணும்னாலும் மாத்துவானுவ, ஊற்றை மட்டும் மாத்த மாட்டானுவ. கட்டாயம் மலை இருக்கும், மலையில ஊற்று இருக்கும். ஊற்றில்லாம ஆறு வைக்கவே மாட்டானுவ. இத செஞ்சவன் அந்தத் தப்பைச் செய்யமாட்டான்க்கா." பேசாதே, பியூலா, வாயைத் திறக்காதே. அவன் அம்புக்குறியைத் தண்ணீர்மேல் வைத்து, தண்ணீரை எதிர்த்து நகர்த்துகிறான். பாலத்துக்கு அடியில் போகிறது. நிற்கிறது. அவன் கழுத்து நரம்பு புடைக்கிறது, பாரமான கதவு ஒன்றைத் தோளால் தள்ளுகிறவனைப்போல. "இருக்கணும்," என்கிறான், தனக்குத்தானே. ஆறு ஒரு நூல் கனம், அதை விடாமல் பிடித்துக்கொண்டு போகிறான். காட்டுக்குள் நுழைகிறது. தலை திரும்புகிறது, கொஞ்சம், இன்னும் கொஞ்சம், தாடையில் சிரைக்காமல் விட்ட நரைமுடி எனக்கு நேரே வருகிறது. மலையடிவாரம். அங்கே நிற்கிறான்.

ரொம்ப நேரம் பார்க்கிறான். அசையாத புகை. அசையாத ஆரஞ்சுப் புள்ளிகள். பாதி எரிந்த கூரைகள். வீதியில் ஓடுகிற கோலத்தில் நின்றுபோன ஜனங்கள். ஒவ்வொரு தலைக்குமேலும் பேர். மெல்ல ஒவ்வொன்றாகப் படிக்கிறான், வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. "இது என் ஊரா?" "ஆமால." "காலையிலருந்து இங்கன இருக்கா?" "இருக்கு." "நீ பாத்துட்டுத்தான் இருந்தியா?" "பாத்துட்டுத்தாம்ல இருந்தேன். சொன்னேன்." "சொன்ன," என்கிறான். "சொன்னது கேட்டுச்சு." மூச்சை இழுத்து விடுகிறான். பிறகு கேட்கிறான், குரல் சின்னதாகி, ஒன்பதாம் கிளாஸ் பையனின் குரலும் இல்லை, இந்த நாற்பது வயசுக்காரனின் குரலும் இல்லை. "எக்கா, ரோட்டுலயும் இப்படித்தானா?" என் கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. வேண்டாம், இப்போது அழுதால் அவன் என்னைத் தேற்ற வந்துவிடுவான், பேச்சு மாறிவிடும். "ஆமால," என்கிறேன். "ரோட்டுலயும் இப்படித்தான்." வலது கையால் முகத்தைத் தடவுகிறான். அந்தக் கை இடது கன்னத்துக்கும் போகிறது, அங்கே சொரசொரப்பில் நிற்கிறது, திரும்பத் திரும்பத் தடவிப் பார்க்கிறது. "அப்ப நான் யாரையாவது கொன்னுருப்பேன்," என்கிறான். எதிர்வீட்டில் மிக்ஸி ஓடி நிற்கிறது. இவன் அழுவான் என்று நினைக்கிறேன், அழவில்லை. நான்தான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவன் கழுத்து மெல்லத் தளர்கிறது. நான் பார்த்துக்கொண்டேயிருக்கிறேன், தடுக்க முடியவில்லை. தலை கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் போகிறது. காடு போகிறது, பாலம் போகிறது, கடற்கரையில் போய் நிற்கிறது. அவனே அதைக் கவனித்துவிட்டான். "போயிட்டுக்கா," என்கிறான். "இப்ப காணல. மலை காணல." குரலில் பதற்றம். சிவப்பு டேப்பைத் தேடி விரல் திரையில் தடவுகிறது, நடுவிலேயே நின்றுவிடுகிறது. "அங்கனதாம்ல இருக்கு." "எனக்குத் தெரியல." ஆற்றின்மேல் விரல் வைக்கிறான். "ஆனா இருக்கும். ஆறு வருதுல்லா." நிறுத்தி வைத்திருந்த நேரத்தை அவன் இன்னும் திறக்கவில்லை. மூன்றாவது கிடங்கிலிருந்து வண்டிகளைத் தேர்ந்தெடுக்கிறான், தண்ணீர்ப் பீப்பாய் ஏற்றுகிறான், ஆட்களை ஒவ்வொருவராகப் பேர் பார்த்துப் பொறுக்குகிறான். வண்டிகளைப் பாலத்தின் வாயில் கொண்டுவந்து நிறுத்துகிறான். அதற்கு மேல் அவனுக்கு நாடு கிடையாது. "எக்கா, இனி நீ சொல்லு," என்கிறான், முகத்தை என் பக்கம் திருப்பாமலே. "பாலத்தைத் தாண்டினா என்ன இருக்கு? அவசரப்படாத. ஒண்ணொண்ணாச் சொல்லு." நான் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போடுகிறேன். பாலத்தைத் தாண்டினால் ஒரு மண்பாதை, என்கிறேன். பாதையோரம் ரெண்டு புளியமரம் மாதிரி என்னமோ. அதுல இன்னும் தீப்பிடிக்கல. அதைத் தாண்டி ஒரு கிணறு. கிணத்துப் பக்கத்துல ஒரு பொம்பள நிக்கா, கூடையோட. உயிரோடதான் இருக்காளா என்று கேட்கிறான். நான் குனிந்து, கண்ணைச் சுருக்கி, அவள் தலைக்கு மேலிருக்கிற எழுத்தைப் படிக்கிறேன்.